கழுவிய காபியில் நாற்றம்: எங்கே தப்பு செய்தேன்? (நாகலூர், 2 ஏக்கர்)

நாகலூர்_தோட்டம்:

எல்லோருக்கும் வணக்கம். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் காபி இருக்கிறது. சில்வர் ஓக் நிழல், மரத்துக்கு மரம் மிளகுக்கொடி. செடிகளில் பாதி அப்பா வைத்த எஸ்.795 ரகம், மீதி காவேரி ரகம். அப்பா இருந்தவரை பழத்தைப் பறித்துக் களத்தில் கொட்டிக் காயவைத்து, செர்ரியாகவே மூட்டை கட்டி வியாபாரியிடம் போட்டுவிடுவார். அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. நான் சேலத்தில் வேலையில் இருக்கிறேன், சனி ஞாயிறு மட்டும் மலை ஏறுவேன்.

இந்த வருஷம் கொஞ்சம் ஆசைப்பட்டு, பழத்தோல் நீக்கிக் கழுவி, உள்தோலோடு காயவைத்த கொட்டையாக, அதாவது பார்ச்மென்டாக எடுத்துப் பார்க்கலாம் என்று இறங்கினேன். கார்த்திகை தீபம் முடிந்த வாரம் சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஆறு பேர் பறித்தோம். மொத்தம் 620 கிலோ பழம். தெரிந்தவர் ஒருவரிடம் கையால் சுற்றித் தோல் நீக்கும் பல்ப்பர் இயந்திரத்தை இரவல் வாங்கி, ஞாயிறு மாலை ஆறு மணிக்கு ஆரம்பித்து நள்ளிரவுக்கு முடித்தேன். தோள்பட்டை இன்னும் வலிக்கிறது. பிறகு கொட்டைமேல் ஒட்டியிருக்கும் பிசின் புளித்து விடுவதற்காகச் சிமெண்ட் தொட்டியில் போட்டு, மேலே தண்ணீர் நிற்கவிட்டேன். 24 முதல் 36 மணி நேரம் என்று படித்திருந்ததால் சரியாக 36 மணி நேரம் வைத்தேன். இதற்காக இரண்டு நாள் லீவு. செவ்வாய் மதியம் மூன்று தண்ணீரில் கழுவித் தார்ப்பாயில் காயப்போட்டேன். மேகமூட்டம், சாரல், அதனால் காய 14 நாள் ஆனது. கிடைத்தது 120 கிலோ.

போன வாரம் வியாபாரி வந்தார். ஒரு கைப்பிடி எடுத்தார், தோலை உரித்துக் கடித்தார், உடைத்து முகர்ந்தார். பையை என் பக்கமே தள்ளிவிட்டார். "செர்ரி விலைக்கு வேணும்னா எடுத்துக்கறேன்" என்றார். நானும் முகர்ந்து பார்த்தேன். பத்துக் கொட்டையை உடைத்தால் ஏழு நன்றாக இருக்கிறது, மூன்று அழுகிய ஊறுகாய் மாதிரி நாறுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் எது நல்லது எது கெட்டது என்றே தெரியவில்லை.

செடியில் இன்னும் பாதிக்கு மேல் பழம் நிற்கிறது. பொங்கலையொட்டி அடுத்த பறிப்பு. அதையாவது காப்பாற்ற வேண்டும். அம்மா எதுவும் சொல்லவில்லை, ஆனால் காபி டம்ளரை வைக்கும் சத்தத்திலேயே தெரிகிறது.

செவ்வாய்ப்பேட்டை_வறுவல்:

நண்பரே, நான் விவசாயி இல்லை. சேலத்தில் சின்னதாகக் காபிக்கொட்டை வறுத்து அரைத்துக் கொடுக்கிறேன், இருபது வருஷமாக. எங்கள் பக்கத்திலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

36 மணி நேரம் ஊறினால் புளிப்பு ஏறிவிடும். தோசை மாவை இரண்டு நாள் வெளியே வைத்தால் என்ன ஆகும்? அதேதான். அடுத்த முறை 20 மணி நேரத்தில் கழுவிவிடுங்கள்.

இன்னொன்று. 100 கிராம் எடுத்து வாணலியில் வறுத்து, சிக்கரி போடாமல் டிகாக்ஷன் இறக்கி, பால் விடாமல் குடித்துப் பாருங்கள். சிக்கரியும் பாலும் சர்க்கரையும் பாதிக் குற்றத்தை மறைத்துவிடும். வியாபாரி சொன்னது நியாயமா இல்லையா என்று உங்கள் நாக்கே சொல்லும்.

பழைய_ரைட்டர்:

தம்பி, நான் சேர்வராயன் மலையில் ஒரு எஸ்டேட்டில் 31 வருஷம் இருந்தவன். முதலில் களத்துக்குக் காவல், பிறகு பல்ப்பர் கொட்டகை, கடைசியில் கணக்கு எழுதும் ரைட்டர். இப்போது கோரிமேட்டில் மகன் வீட்டில் இருக்கிறேன். கண் கொஞ்சம் மங்கல், எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வறுவல்காரர் கோபித்துக்கொள்ளக் கூடாது. தொட்டியில் அதிகம் புளித்திருந்தால் நாற்றம் ஒரே சீராக எல்லாக் கொட்டையிலும் இருக்கும். பார்ச்மென்ட் தோலும் மங்கிப் பழுப்பு ஏறியிருக்கும். பத்தில் மூன்று நாறுகிறது, ஏழு நல்லாயிருக்கிறது என்றால் தப்பு தொட்டிக்கு வருவதற்கு முன்பே நடந்துவிட்டது. இரண்டு விதமான பழம் ஒரே தொட்டியில் விழுந்திருக்கிறது.

சனி ஞாயிறு பறித்தோம் என்று எழுதியிருக்கிறீர்கள். பல்ப்பர் ஞாயிறு மாலைதான் ஓடியிருக்கிறது. சனிக்கிழமைப் பழம் ராத்திரி எங்கே தூங்கியது?

நாகலூர்_தோட்டம்:

ஐயா வணக்கம். சனிக்கிழமைப் பழம் சுமார் 280 கிலோ. மழை வந்துவிடுமோ என்று சாக்கில் கட்டித் திண்ணையில் அடுக்கி வைத்திருந்தோம். பல்ப்பர் ஞாயிறுதான் கைக்கு வந்தது. யூரியா சாக்குகள்தான், ஆனால் நன்றாகக் கழுவி வெயிலில் காயவைத்தவை.

பழைய_ரைட்டர்:

கிடைத்துவிட்டது.

யூரியா சாக்கு உள்ளே பிளாஸ்டிக், காற்றே போகாது. ஞாயிறு காலையில் அந்தச் சாக்கு நடுவில் கையை விட்டிருந்தால் சூடு தெரிந்திருக்கும். பழம் பறித்த நிமிஷத்திலிருந்து உள்ளே வேலையை ஆரம்பித்துவிடுகிறது. காற்றுப் படாமல் அழுத்திக் கட்டினால் தோலுக்குள்ளேயே புளித்துக் கொட்டைக்கு ஏறிவிடும். அப்படி ஏறிய நாற்றத்தை எத்தனை தண்ணீரில் கழுவினாலும் எடுக்க முடியாது. சனிக்கிழமை காலை பறித்த பழம் ஞாயிறு ராத்திரி பல்ப்பருக்குள் போயிருக்கிறது. ஒன்றரை நாள்! அதிலும் அடியில் நசுங்கியிருந்த பழம்தான் உங்கள் பத்தில் மூன்று.

அன்று பறித்த பழம் அன்றே தோல் நீங்க வேண்டும். எங்கள் கொட்டகையில் கடைசிக் கூடை வரும்வரை இயந்திரம் நிற்காது. மின்சாரம் போனால் டீசல் எஞ்சின், எஞ்சின் மக்கர் செய்தால் பழத்தைத் தண்ணீர்த் தொட்டியில் கொட்டிவிட்டு ராத்திரியெல்லாம் முழித்திருப்போம். வழியே இல்லாமல் ஒரு ராத்திரி வைக்கத்தான் வேண்டும் என்றால் சிமெண்டுத் தரையில் ஒரு சாண் உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி வையுங்கள், அல்லது சுத்தமான தண்ணீரில் மூழ்கவிடுங்கள். சாக்கில் மட்டும் கட்டாதீர்கள். உர சாக்கு வாசலுக்கே வரக் கூடாது. கழுவினேன் என்பதெல்லாம் நமக்குத்தான், காப்பிக்கொட்டை எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். எங்கள் களத்துக்குப் பக்கத்தில் ஒருவர் பீடி குடித்தாலே மேஸ்திரி சண்டைக்குப் போவார்.

இனி அந்த 36 மணி நேரம். அந்தக் கணக்கு தப்பில்லை, ஆனால் அதை எழுதியவர் உங்கள் தொட்டியைப் பார்த்து எழுதவில்லை. கார்த்திகை, மார்கழிக் குளிரில் தண்ணீர் நிற்கவிட்ட தொட்டியில் வேலை மெதுவாக நடக்கும். தண்ணீரை வடித்துவிட்டால் கொஞ்சம் சீக்கிரம் விடும். மாசியில் வெயில் ஏறிவிட்டால் ஒரே ராத்திரியில் முடிந்த தொட்டியையும் பார்த்திருக்கிறேன். கடிகாரத்தை மாட்டிவிட்டுக் கையை உள்ளே விடுங்கள். ஒரு பிடி அள்ளித் தண்ணீரில் அலசி இறுக்கிப் பிடித்தால், பிசின் இருக்கும்வரை விரலிடுக்கில் வழுக்கிக்கொண்டு ஓடும். பிசின் விட்டதும் கூழாங்கல் மாதிரி நறநற என்று சத்தம் போடும். இன்னொரு சோதனை, தண்ணீரை வடித்துவிட்டு ஒரு கம்பைக் குவியலில் செங்குத்தாகக் குத்தி உருவுங்கள். குழி சரிந்து மூடிக்கொண்டால் இன்னும் ஆகவில்லை. குழி அப்படியே நின்றால் உடனே கழுவ வேண்டும். விடியட்டும் என்று படுக்கக் கூடாது.

நான் ஒரு தடவை படுத்தேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம். ராத்திரி ஒரு மணிக்குக் குழி நின்றது, பார்த்தேன். தூக்கம், குளிர். நாலு மணிக்குக் கழுவலாம் என்று சாக்கைப் போர்த்திக்கொண்டேன், எழுந்தபோது ஆறரை. துரை வந்தார். திட்டவில்லை. தொட்டியிலிருந்து ஒரு பிடி எடுத்து என் கையில் வைத்து, என் கையைப் பிடித்து என் மூக்குக்குக் கொண்டுபோனார். அவ்வளவுதான். அன்று சம்பளம் பிடித்திருந்தால் மறந்திருப்பேன்.

அப்புறம் பல்ப்பர். எஸ்.795, காவேரி இரண்டையும் கலந்து ஓட்டினீர்களா? பழத்தின் அளவு மாறினால் இடைவெளியை மாற்ற வேண்டும். முதலில் ஒரு கூடை ஓட்டிவிட்டு, விழுந்த கொட்டையில் கீறல் இருக்கிறதா, தோலோடு சேர்ந்து கொட்டை போகிறதா என்று பாருங்கள். கீறல் பட்ட கொட்டை காயும்போது கறுத்துவிடும். அதற்கும் முன்னால் பழத்தைத் தண்ணீரில் கொட்டி மிதப்பதை எல்லாம் அள்ளிவிடுங்கள். மிதப்பது உள்ளீடில்லாத சாவியும் பூச்சிக்காயும்தான். அதைத் தனியாகச் செர்ரியாகக் காயவைக்கலாம், உங்கள் அப்பா செய்த மாதிரியே. அவர் செய்தது ஒன்றும் தப்பில்லை தம்பி. தண்ணீரும் ஆளும் இல்லாத வீட்டுக்கு அதுதான் சரி.

செவ்வாய்ப்பேட்டை_வறுவல்:

ஐயா, கோபம் இல்லை. தோசை மாவு உதாரணத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். ஏற்காட்டில் காபி வந்து இருநூறு வருஷம் என்கிறார்கள். 1820 வாக்கில் சேலம் கலெக்டர் காக்பர்ன் கொண்டுவந்தாராம். இத்தனை வருஷம் ஆகியும் சின்னத் தோட்டத்துப் பார்ச்மென்ட் ஏன் என் கடைக்கு நேராக வருவதில்லை? கீழே 30 கிலோமீட்டர்தான். நான் சிக்மகளூர்க் கொட்டை வாங்கி ஏற்காடு ரோட்டைப் பார்த்தபடி வறுத்துக்கொண்டிருக்கிறேன்.

பழைய_ரைட்டர்:

1996 வரைக்கும் முழுசாக வெளியில் விற்க விடவில்லையே ஐயா. முதலில் எல்லாமே காபி போர்டு பூலுக்குத்தான் போகும், எல்லோர் சரக்கையும் சேர்த்து போர்டுதான் விற்கும். பணம் தவணை தவணையாக வரும். கடைசித் தவணை வருவதற்குள் அடுத்த பூ பூத்துவிடும். பெரிய எஸ்டேட்டுக்குத் தொட்டி, களம், கிடங்கு எல்லாம் உண்டு. இரண்டு ஏக்கர்காரர் எங்கே போவார்? பறித்தார், காயவைத்தார், பூலுக்குக் கொடுத்தார். பூல் போனது, பழக்கம் போகவில்லை.

மஞ்சக்குட்டை_அக்கா:

நான் மஞ்சக்குட்டை. எங்கள் குடும்பத்துக்கு மூன்று ஏக்கர், ஐந்து வருஷமாகக் கழுவித்தான் விற்கிறோம். ரைட்டர் ஐயா சொன்னதற்கு மேல் பழத்தைப் பற்றி எனக்குச் சொல்ல எதுவும் இல்லை. காயவைப்பதையும் தண்ணீரையும் பற்றி மட்டும் சொல்கிறேன்.

தம்பி, தார்ப்பாயைத் தரையில் விரித்தால் அடியில் வேர்க்கும். மேலே காய்ந்தமாதிரி இருக்கும், கீழே ஈரம். எங்கள் வீட்டில் இடுப்பு உயரத்துக்கு மூங்கில் பரண் கட்டி, மேலே கம்பி வலை, அதன்மேல் நைலான் வலை விரித்திருக்கிறோம். காற்று அடியிலும் போகும். முதல் நாள் மெல்லிசாகப் பரப்பித் தண்ணீர் சொட்டுவதை முடித்துவிட வேண்டும். பிறகு இரண்டு விரல் கனம். மணிக்கு ஒரு தடவை கிளறுவதற்கு என் மாமியார் இருக்கிறார், உங்கள் அம்மாவைக் கேளுங்கள். உச்சி வெயிலில் மேலே நிழல்வலை போடுங்கள், இல்லையென்றால் பார்ச்மென்ட் தோல் வெடித்துவிடும். சாயங்காலம் நாலரைக்கெல்லாம் குவித்து மூடிவிட வேண்டும். நம் ஊர் மூடுபனி ஒரு தடவை ஏறினால் மூன்று நாள் காய்ந்தது வீண். ஒருமுறை காய்ந்தது மறுபடி நனைந்தால் பூஞ்சை வாடைதான்.

எப்போது போதும் என்று தெரிய எளிய வழி: ஒரு சின்னத் துணிப்பையில் கொஞ்சம் போட்டுக் கட்டி அதே பரணில் காயவிட்டு, தினமும் ஒரே நேரத்தில் எடை போடுங்கள். இரண்டு நாள் தொடர்ந்து எடை மாறாமல் நின்றால் காய்ந்துவிட்டது. ஈரமானி வைத்திருப்பவர்கள் 10 சதவீதம் என்பார்கள். எனக்கு இருப்பது மளிகைக்கடைத் தராசு.

இனி முக்கியமானது. கழுவிய தண்ணீரை எங்கே விட்டீர்கள்? உங்கள் பதிவில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

நான் கல்யாணமாகி வந்த வருஷம், மேலே இருந்த ஒரு தோட்டத்துப் பல்ப்பர் தண்ணீர் எங்கள் கிணற்றுப் பக்கம் ஓடையில் இறங்கியது. பழுப்பு நிறம், மேலே நுரை, சாக்கடை வாடை. ஒன்றரை மாதம் கீழே போய்க் குடம் தூக்கினேன். போய்ச் சொன்னதற்கு "வருஷா வருஷம் இப்படித்தான், மழை வந்தால் அடிச்சுக்கிட்டுப் போயிடும்" என்றார்கள். பிசினில் இருக்கும் சர்க்கரைதான் அந்தத் தண்ணீரில் கரைந்து புளிக்கிறது. ஓடையில் விட்டால் தண்ணீரிலுள்ள உயிர்க்காற்றை எல்லாம் அது உறிஞ்சிவிடும், தவளைகூட மிஞ்சாது. ஓடையிலிருந்து தள்ளி ஒரு குழி வெட்டி அதில் தேக்கிச் சுண்ணாம்பு போட்டுப் புளிப்பை முறியுங்கள். பழத்தோலை மாட்டுச் சாணத்தோடு அடுக்கடுக்காக மக்கவிட்டால் செடிக்கே போடலாம். சுமார் 250 கிலோ தோல் இருந்திருக்குமே, என்ன செய்தீர்கள்?

நாகலூர்_தோட்டம்:

அக்கா, தலைகுனிந்து எழுதுகிறேன். தண்ணீர் வாய்க்காலில்தான் போனது. தோல் இன்னும் தொட்டிக்குப் பின்னால் கிடக்கிறது. இரண்டு நாளாகக் காட்டெருமை ஒன்று வந்து முகர்ந்துவிட்டுப் போகிறது. குழி வெட்ட நாளைக்கே ஆள் சொல்கிறேன்.

ரைட்டர் ஐயா, நீங்கள் சொன்ன சாக்கு விஷயத்தை அம்மாவிடம் சொன்னேன். "உங்கப்பா பழத்தைக் கட்டி வெச்சதே இல்லை, நீ சனிக்கிழமை கட்டும்போதே கேக்கலாம்னு நெனச்சேன்" என்றார்! கேட்டிருக்கலாம். வறுவல் அண்ணன் சொன்னபடி 100 கிராம் வறுத்துச் சிக்கரி இல்லாமல் குடித்தும் பார்த்தேன். முதல் வாய் பரவாயில்லை. ஆறியதும் வாயில் வைக்க முடியவில்லை.

கேள்வி: இந்த 120 கிலோவை என்ன செய்வது? தெரிந்த ஒருவர், அடுத்த பறிப்பு நல்ல சரக்கோடு கலந்துவிட்டால் தெரியாது என்கிறார்.

செவ்வாய்ப்பேட்டை_வறுவல்:

தெரியும். ஒரு டப்பா டிகாக்ஷனைக் கெடுக்க ஒரு கொட்டை போதும். 120 கிலோவைக் கலந்தால் 300 கிலோ கெட்ட சரக்கு கிடைக்கும், அவ்வளவுதான். வியாபாரி சொன்ன விலைக்கே தள்ளிவிடுங்கள்.

பழைய_ரைட்டர்:

வறுவல்காரர் சொன்னதுதான். விற்கும்போது விஷயத்தைச் சொல்லியே விற்றுவிடுங்கள், அடுத்த வருஷமும் அதே வியாபாரிதான் வருவார்.

பொங்கல் பறிப்புக்கு ஒரு யோசனை. இரண்டு நாள் பறித்து ஒரு நாள் ஓட்டாதீர்கள். சனிக்கிழமை பல்ப்பர் கையில் இருந்தால் மட்டும் பறியுங்கள். கையால் மாலைக்குள் எவ்வளவு சுற்ற முடியுமோ அவ்வளவு பழம் போதும், மீதி செடியிலேயே நிற்கட்டும். செடியைவிட நல்ல கிடங்கு இல்லை. பச்சைக்காய் ஒன்றுகூடச் சேரக் கூடாது, பல்ப்பரில் அது தோல் விடாமல் நசுங்கும். கழுவிய பிறகு நல்ல தண்ணீரில் ஒரு நாள் ஊறவிட்டுப் பிறகு பரணுக்கு ஏற்றுங்கள், கொட்டையின் நிறம் தெளியும்.

நாகலூர்_தோட்டம் (மூன்று வாரம் கழித்து):

ஐயா, தொட்டி பக்கத்திலிருந்து எழுதுகிறேன். சனிக்கிழமை 240 கிலோ மட்டும் பறித்தோம். மிதந்தது 20 கிலோ, தனியாகப் போட்டாயிற்று. இருட்டுவதற்குள் பல்ப்பர் வேலை முடிந்தது. ஞாயிறு இரவு பதினொன்றுக்குக் கம்பைக் குத்தினேன், குழி மூடிக்கொண்டது. இரண்டு மணிக்கும் மூடிக்கொண்டது. இப்போது திங்கள் காலை 4.20. குழி நிற்கிறது. கையில் எடுத்தால் நறநறக்கிறது. 34 மணி நேரம் ஆகியிருக்கிறது. அம்மா டார்ச் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

பழைய_ரைட்டர்:

போனைக் கீழே வைத்துவிட்டுக் கழுவுங்கள். முடிந்ததும் தொட்டியின் நாலு மூலையையும் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள், பழைய கொட்டை ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும்.